தக்காளிக்கும் கொசுவுக்கும் வயது பதினாலு

அக்காவின் கால் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்த நிமிடத்திலிருந்து வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே நீள மேசை என்பதால், அவர் காலை ஆட்டினால் என் டீ நடுங்கும். அவர் பக்கத்து இருக்கைக்கு வந்த நாளிலிருந்து நான் பாதி டீயைத்தான் குடித்திருக்கிறேன். மீதியை மேசை குடித்திருக்கிறது. சொல்லியும் பார்த்துவிட்டேன். “மனசு ஓடுது தம்பி, கால் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்?” என்பார்.

எங்கள் வேலையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கேம் விளையாடுகிறோம். கடைக்கு வரப்போகும் ஒவ்வொரு விளையாட்டும் முதலில் எங்கள் அலுவலகத்துக்கு வரும். எந்த வயதுக்காரர்களுக்கு அது ஏற்றது என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஏழு, பதின்மூன்று, பதினாறு, பதினெட்டு: இந்த நான்கில் ஓர் எண். ஒரு விளையாட்டை இரண்டு பேர் தனித்தனியாக ஆடிப் பார்ப்போம். எண்ணைத் திறந்து காட்டும் நாள் வரை ஒருவருக்கொருவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

அக்கா விஷயத்தில் அந்த விதி வீண். அவருடைய எண் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். துப்பாக்கி கண்ணில் பட்டால் பதினெட்டு. கத்தி பட்டால் பதினெட்டு. முயல் ஒன்று கேரட் வளர்க்கும் விளையாட்டு வந்தபோது, முயல் பக்கத்து வயலில் கேட்காமல் பிடுங்குகிறது என்று சொல்லி, மனமிறங்கிப் பதின்மூன்று கொடுத்தார். அலுவலகத்தில் அவருக்குப் ‘பதினெட்டு’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான். எதையும் விட்டுவிடுகிறவன் என்று எனக்கு ‘ஏழு’. கிண்டலை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் பேரு என் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது தம்பி. அவ என்னைப் பாத்துச் சிரிச்சுட்டா நான் தாங்க மாட்டேன்” என்றார்.

அவள் என்றது அவருடைய மகளை. பதினாலு வயது. அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர்; வருடத்தில் பாதி கடல், மீதியில் பாதி தூக்கம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மூலையில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தாள். இருந்த இடம் தெரியவில்லை. “பாப்பா, டீ குடிக்கிறியா?” என்று கேட்டேன். பாப்பா என்றது பிடிக்கவில்லை போலிருக்கிறது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வீட்டில் கேம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளிப் பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த போனை, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா வாங்கிச் சோதிப்பார். “ஊர்ல உள்ள கேமெல்லாம் நான் பாத்துட்டேன் தம்பி. என் வீட்ல ஒண்ணுகூட நுழையாது” என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஊரில் உள்ள இனிப்பையெல்லாம் தின்று பார்த்துவிட்டு மகள் வாயை மட்டும் கட்டுகிறாரே என்று தோன்றும்.

இந்தச் சமயத்தில்தான் ‘வளையம்’ என்ற விளையாட்டு வந்தது. தூரத்துக் கிரகம் ஒன்று, அதைச் சுற்றி ஒரு வளையம், அதன்மேல் ஓடும் இரும்பு வண்டுகள். நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து வண்டுகளையும் எதிரணியையும் சுட வேண்டும். எல்லோரும் இணையத்தில் நேரடியாக ஆடுவார்கள். ரத்தம் கிடையாது. சுட்டால் ஆள் நீலத் தூளாக உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பி எழுந்து வருவான். கெட்ட வார்த்தை பேசினால் விளையாட்டே அதைக் கத்தரித்துவிடும். எனக்குப் பிடித்துப்போயிற்று. பதின்மூன்று என்று எழுதி மூடிவைத்தேன்.

அக்காவின் எண்ணைத்தான் நான் சொல்லவே வேண்டாமே. ஆனால் இந்தத் தடவை அவர் துப்பாக்கியைக் காரணமாகக் காட்டவில்லை. எனக்கு அதுதான் வியப்பு.

“அந்தத் தலைக்கவசத்தைப் பாத்தியா தம்பி?” என்றார்.

‘வளைய’த்தில் எல்லோரும் விண்வெளித் தலைக்கவசம் மாட்டியிருப்பார்கள். யார் பேசினாலும் குரல் அதற்குள் புகுந்து ஒரே தகரக் குரலாக வெளியே வரும். ஆணா பெண்ணா, சிறுசா பெருசா, ஒன்றும் தெரியாது.

“அது நல்லதுதானேக்கா? பொம்பளைப் பிள்ளை விளையாடுதுன்னு எவனுக்கும் தெரியாது. தொந்தரவு பண்ண மாட்டான்.”

“தொந்தரவு பண்றவன் நாப்பது வயசுக்காரன்னு அந்தப் பிள்ளைக்கும் தெரியாதே! துப்பாக்கி என்ன பண்ணும்? நீலத் தூளாக்கும். பேச்சு என்ன பண்ணும்னு உனக்குத் தெரியுமா?” மேசை நடுங்கியது. டீ தளும்பியது.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் ஆட, மற்றவர் கூடவே கேட்க, நடப்பது அத்தனையும் பதிவாகும். பிறகு முடிவு செய்யும் குழுவின் முன்னால் போய் வாதாட வேண்டும். விளையாட்டை அப்போது பொதுமக்களுக்கு இலவச வெள்ளோட்டமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். இணைப்பு தடைபடாமலிருக்க, அது பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களையே ஓர் அணியில் சேர்த்துவிடும். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் பதினாலு வயசுப் பொண்ணா உள்ள போறேன். எவன் வந்து ஒட்டறான்னு பாக்கலாம்.”

“தூண்டில் போடப் போறீங்களா?”

“ஆமா. நீ காதைத் தீட்டிட்டுப் பக்கத்துல உக்காரு.”

புனைபெயர் கேட்டது விளையாட்டு. மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துவிட்டுத் ‘தக்காளி’ என்று அடித்தார்.

தக்காளி ஆடிய அழகைச் சொல்ல வேண்டும். சுவரில் முட்டினார். சொந்த அணிக்காரனைச் சுட்டார். வளையத்தின் விளிம்பிலிருந்து தவறி விழுந்து, விழுந்துகொண்டே இருந்தார். கூட ஆடியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. பெயர் ‘கொசு’.

“பயப்படாதே தக்காளி. நான் முன்னாடி போறேன், நீ என் முதுகைப் பாத்துட்டே வா,” என்றது தகரக் குரல்.

அக்கா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண் மின்னியது. “ஒட்டிட்டான்!”

மறுநாளும் நாலு மணிக்குக் கொசு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. தனக்கும் பதினாலு வயது என்றது. “அப்படித்தான் சொல்வான்” என்றார் அக்கா. வீட்டில் யார் இருக்கிறார்கள், இப்போது தனியாக இருக்கிறாயா என்று கேட்டது. அக்கா என் கையைக் கிள்ளினார். தான் இந்த விளையாட்டைத் தினமும் ஆறரை மணிக்குப் போனிலிருந்து அழித்துவிட்டு, மறுநாள் பள்ளி விட்டு வந்து திரும்ப ஏற்றிக்கொள்வதாகவும், அப்படிச் செய்தால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றும் கொசு சொன்னபோது அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

“பாத்தியா? பெத்தவங்களை எப்படி ஏமாத்தறதுன்னு பாடம் எடுக்கறான்! இவனுக்கு நாப்பத்தஞ்சு வயசு. வழுக்கை. கல்யாணம் ஆகல.”

“வழுக்கை எப்படிக்கா காதுல கேக்கும்?”

“எனக்குக் கேக்கும்.”

“நிஜமாவே பிள்ளையா இருந்தா?”

“நீ ஏழுதானே. அப்படித்தான் பேசுவே.”

ஆனால் நாளாக ஆக வேறொன்று நடந்தது. கூடவே இருந்த நான் அதைப் பார்த்தேன். மூன்று மணியிலிருந்தே அக்கா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கொசு வர ஐந்து நிமிடம் தாமதமானால் எழுந்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடப்பார். விளையாட்டும் கைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் கொசுவைச் சுற்றி வளைத்த மூன்று வண்டுகளைத் தனியாளாகச் சுட்டுத் தள்ளிவிட்டு, “எப்படி!” என்று கத்தினார். தகரக் குரல் விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பதினெட்டு சிரித்து யாரும் அதுவரை கேட்டதில்லை.

கொசுவின் வாயைப் பிடுங்க வேண்டுமென்றால் தன்னைப் பற்றியும் எதையாவது சொல்ல வேண்டுமே. அக்காவுக்குப் பொய் சட்டென்று வராது. அதனால் உண்மையை எடுத்து வயதை மட்டும் மாற்றிப் போட்டார். லிஃப்டுக்குள் போனால் மூச்சு முட்டும், அதனால் எத்தனை மாடியானாலும் படியில்தான் ஏறுவேன் என்றார். “என் வகுப்புல என்கூட உக்காந்து யாரும் சாப்பிட மாட்டாங்க. நான் வந்தா பேச்சை நிறுத்திடுவாங்க” என்றார்.

அந்த வகுப்பு எது என்று எனக்குத் தெரியும். மதியம் எல்லோரும் மாடியில் கூடிச் சாப்பிடுவோம். அக்கா தன் மேசையிலேயே டப்பாவைத் திறப்பார். கண்டிப்பானவர், தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கும் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். காதில் இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

“என் கதையும் அதேதான்” என்றது கொசு. “வீட்டுக்கு வந்தா ஏழு மணி வரைக்கும் ஃபேன் சத்தம் மட்டும்தான். எங்கம்மா வந்ததும் கையை நீட்டுவாங்க, போனைக் குடுன்னு. போனைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. என் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க.”

அக்கா ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டார். என்னிடம், “கதை நல்லாவே கட்டறான்” என்றார். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை குழுக் கூட்டம். இதுதான் கடைசி ஆட்டம். ஆடி முடித்ததும் கொசு போகாமல் நின்றது.

“தக்காளி, நாளைக்கு நேர்ல பாக்கலாமா?”

அக்காவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. இதற்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தார். கையும் களவுமாக மாட்டிவிட்டான் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“பாக்கலாமே. எங்க?”

“தபால் நிலையத்துக்குப் பின்னாடி இருக்கிற நூலகம். படிக்கட்டுல. காலையில பத்து மணிக்கு.”

அக்காவின் புருவம் சுருங்கியது. அது அவர் வீட்டுக்குப் பக்கத்து நூலகம். “உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?” என்று கேட்டார்.

“மஞ்சள் பை மாட்டியிருப்பேன். எங்கம்மா தெச்சது. பாக்கக் கண்றாவியா இருக்கும். ஆனா எனக்குப் பிடிக்கும்.” தகரக் குரல் கொஞ்சம் தயங்கியது. “யார்கிட்டயும் சொல்லிடாதே. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். அவங்க வேலையே கேமுக்கு வயசு போடறதுதான். ஆபீஸ்ல எல்லாரும் அவங்களைப் பதினெட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. லீவுல ஒரு நாள் அங்க போனப்போ காதுல விழுந்துது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க பாவம்.”

மேசை அசையாமல் இருந்தது. முதலில் எனக்குப் புரிந்தது அதுதான். அக்காவின் கால் நின்றுபோயிருந்தது.

“தக்காளி? வருவேதானே?”

அக்கா வாயைத் திறந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. “வரேன்” என்று அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அழுகைக்கு ஒரு நூல் முன்னால் நின்ற குரல். அது தலைக்கவசத்துக்குள் போய், எப்போதும்போல் தகரமாக, மகளிடம் போய்ச் சேர்ந்தது.

“சூப்பர்!” என்றுவிட்டு மறைந்தது கொசு.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார். நான் போவதும் வருவதுமாக இருந்தேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்.

“அக்கா, தக்காளி நாளைக்குப் போக வேண்டாம். ஊருக்குப் போயிட்டேன்னு ஒரு செய்தி அனுப்பிட்டு அப்படியே காணாமப் போயிடட்டும். பாப்பாவுக்கு ரெண்டு நாள் வருத்தமா இருக்கும். அப்புறம் சரியாயிடும்.”

“அவளுக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஃப்ரெண்டு தம்பி.”

“சரி, போய்ச் சொன்னா?”

“சொன்னா ஃப்ரெண்டும் போயிடுவா. அம்மாவும் போயிடுவா.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் சொன்னது ஒரு வார்த்தை தப்பா, பாரு. பெரியவங்க யாராவது சின்னப் பிள்ளை மாதிரி வந்து, பேசிப் பேசி, மனசுல இருக்கிறதை எல்லாம் கறந்துடுவாங்கன்னு சொன்னேன். நடந்துதே. திங்கட்கிழமை இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினா நான் ஜெயிச்சுடுவேன். கேக்கறவங்க ஒருத்தர்கூட எதிர்த்துப் பேச மாட்டாங்க.”

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “வழுக்கை மட்டும்தான் இல்ல” என்றார்.

மறுநாள் காலை அவருக்கு முன்னால் நான் அங்கே இருந்தேன். “தனியா என்னால முடியாது, எதிர்ப்பக்கம் நில்லு போதும்” என்று கேட்டிருந்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. அங்கே நின்று, வாங்கப் போகாத சைக்கிளின் மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகப் படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பை உண்மையிலேயே கண்றாவியாகத்தான் இருந்தது. தலையை அழுந்த வாரியிருந்தாள். யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு ஆவலாக ஒருவரை எதிர்பார்க்கும் முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

அக்கா தெருமுனையில் திரும்பினார். மகள் பார்த்துவிட்டாள். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. எழுந்து எதிரே ஓடிவந்தாள். தெரு குறுகல், பேசியது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

“அம்மா, இங்க எதுக்கு வந்தே?”

“உன்னைப் பாக்கத்தான்.”

“வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்றேன்மா. திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. இப்போ போயிடு. என் ஃப்ரெண்டு வருவா. உன்னைப் பாத்தா பயந்துடுவா. அவ ரொம்பப் பயந்த பொண்ணும்மா.”

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார்.

“ப்ளீஸ்மா. அவளுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது.”

“வந்துட்டா குட்டி” என்றார் அக்கா.

மகள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். என்னைத் தவிர யாரும் இல்லை. திரும்ப அம்மாவைப் பார்த்தாள். “எங்க?”

“நான் முன்னாடி போறேன், என் முதுகைப் பாத்துட்டே வான்னு சொன்னியே. அன்னிக்குப் பின்னாடி வந்தது நான்தான்.”

புரிய நேரம் பிடித்தது. அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள், “அப்போ லிஃப்ட் பயம்னு சொன்னது?”

“நிஜம்.”

“யாரும் கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னது?”

“அதுவும் நிஜம்தான். எல்லாமே நிஜம் குட்டி. வயசு மட்டும்தான் பொய்.”

“வயசைத்தானேம்மா நீ பாக்கணும்” என்றாள் மகள். “அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்காங்க.”

அவளுடைய பார்வை தெருவைத் தாண்டி என்மேல் விழுந்தது. அடையாளம் தெரிந்துவிட்டது. கூப்பிட்டே கேட்டாள்.

“அங்கிள், நீங்களும் கேட்டீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘ஏழு’ அதைத்தான் சொல்லியிருப்பான். “கேட்டேன்மா” என்றேன். சைக்கிள் மணியில் இருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுவீங்களா?”

“மாட்டோம்” என்று அக்கா முந்திக்கொண்டார். “உன் குரல்ல ஒரு வார்த்தை வெளிய போகாது.”

“தகரக் குரல்தானே. என்னோடதுன்னு யாருக்குத் தெரியப் போகுது?” அவள் உதடு அப்போதுதான் நடுங்கியது. “காட்டு. இல்ல, காட்டாதே. நீ என்ன பண்ணேன்னு நீயே சொல்லு.” சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அக்கா பின்னால் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் பை முன்னே போக, அதைப் பார்த்துக்கொண்டே அக்கா நடந்தார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அக்கா பதிவைப் போடவில்லை. எழுந்து நின்றார். “பதினாலு வயசுப் பிள்ளை ஒண்ணுகிட்ட, பெரியவங்க ஒருத்தர் பதினாலு வயசுன்னு சொல்லித் தினமும் பேசினாங்க. அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் சந்தேகமே வரல. நேர்ல பாக்கக் கூப்பிட்டது அந்தப் பிள்ளைதான். ஏன்னா வீட்ல பேச ஆள் இல்ல. அந்தப் பெரியவங்க நான். பிள்ளையும் என்னோடதுதான்” என்றார். குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் என் எண்ணை மாற்றிக்கொள்வதாகச் சொன்னேன். கடைசியில் குரலை மறைக்கும் தலைக்கவசம் இருக்கும்வரை பதினாறு என்று முடிவானது. அக்கா அதற்கு மேல் வாதாடவில்லை.

அன்று மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகாமல் அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். தக்காளித் தொக்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

மூன்றரை மணிக்குக் கால் ஆட ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பையை எடுத்தார். இனி தினமும் காலையில் முன்னதாக வந்து மூன்றரைக்கே கிளம்ப அனுமதி கேட்டிருக்கிறாராம். கிடைக்கும்வரை பாதி நாள் விடுப்பாம்.

“பாப்பா பேசறாளாக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. முந்தாநாள்லேர்ந்து ஒரு வார்த்தை இல்ல.” வாசல்வரை போனவர் திரும்பினார். “முன்னாடி ஆள் இல்லாம பேசாம இருந்தா தம்பி. இப்போ நான் எதிர்ல இருக்கும்போது பேசாம இருக்கா. அது வேற.”

லிஃப்ட் திறந்தே நின்றது. அவர் அதைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார். தனியாக இறங்க வேண்டாமே என்று நானும் கூடப் போனேன்.